அக்கா மகளுக்கு எழுதிய கடிதம்

ஓய்வு பெற்ற புற்றுநோய் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நம் ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். டாக்டர்கள், மெஷின் ஓட்டும் டெக்னீஷியன்கள், கதிர்வீச்சின் அளவைக் கணக்குப் போடும் பிசிக்ஸ்காரர்கள் எல்லோரும் படிப்பீர்களாம். நான் சாதித்ததைச் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது என் அசட்டுத்தனம் ஒன்றை.

ஒரு நோயாளியை ஆறு மாதம் பார்த்துப் பார்த்துக் கவனித்தேன். அந்த ஆறு மாதமும் அவர் பக்கத்து நாற்காலியில் இன்னொரு நோயாளி உட்கார்ந்திருந்தாள். அவள் உயிர் என் கண்ணெதிரே ஊசலாடிக்கொண்டிருந்தது. நான் அவளிடம், "அந்த ஃபைலை எடும்மா, இந்தச் சீட்டைக் கொண்டு போய்க் கொடும்மா" என்று வேலை ஏவிக்கொண்டிருந்தேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். தேசிங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காத்திவாக்கத்துக்காரர், ஐம்பத்து நான்கு வயது, விசைப்படகு ஓட்டியவர். முதுகு வலி என்று ஆறு மாதம் தைலம் தேய்த்திருக்கிறார். கண் மஞ்சளான பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் புற்றுநோய். முக்கியமான ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்ததால் அறுவை செய்ய முடியாது என்று சர்ஜன் கைவிரித்துவிட்டு என்னிடம் அனுப்பினார்.

அப்போதுதான் நாங்கள் மரபணுவைப் பார்த்துச் சிகிச்சையைத் திட்டமிட ஆரம்பித்திருந்தோம். அதற்கு முன்னால் கணையக் கட்டி என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுதான், ரேஷன் கடை வேட்டி மாதிரி. இப்போது இரண்டு சோதனைகள். கட்டியின் மரபணுவைப் பார்த்தால் அது இருந்த இடத்திலேயே முட்டி வளரும் ரகமா, உடம்பெல்லாம் சிதறி ஓடும் ரகமா என்று ஓரளவு ஊகிக்கலாம். நோயாளியின் ரத்தத்தைப் பார்த்தால் பிறவியிலேயே வந்த குறை ஏதும் உண்டா என்று தெரியும். இரண்டையும் வைத்து எந்த மருந்து, கதிர்வீச்சு வேண்டுமா, வேண்டுமென்றால் எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்வோம். 'ஓரளவு' என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். இதில் இன்னும் எதுவும் முடிந்த முடிவு கிடையாது.

ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆகும். தேசிங்கு வலியில் சுருண்டு கிடக்கிறார். இப்போதே கதிர்வீச்சை ஆரம்பித்துவிடலாம் என்று ஜூனியர்கள் நச்சரித்தார்கள். நான் வலிக்கு மருந்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அது சரியான முடிவு, அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். தப்பு வேறிடத்தில் நடந்தது.

ரத்தம் அனுப்புவதற்கு முன் குடும்ப விவரம் கேட்டு, கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் போட வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தேசிங்குவின் மனைவி கோமளா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மீன் விற்பவள், குரலும் அதற்கேற்ற குரல், ஆனால் ஆஸ்பத்திரிக்குள் அதை ரொம்ப அடக்கி வைத்திருந்தாள். நான் தேசிங்குவைக் கேட்டேன்.

"அப்பா, அம்மா?"

"நைனா கடல்ல பூட்டாரு. அம்மா வயித்துல கட்டி வந்து செத்துச்சு. அது புத்துதானான்னு யாரு பாத்தா."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரே அக்கா. அஞ்சலை. சோக்கா கீது."

"அக்காவுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்தாச்சு."

கோமளா தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சொந்தக் கதை பேசுகிறோமே என்று கூச்சப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அக்காவுக்கு ஒரு வட்டம், அதற்குக் கீழே ஒரு வட்டம், 'மகள், திருமணமானவர், நலம்' என்று தட்டினேன். மனைவிக்குத் தனியாக ஒரு வட்டம். மனைவி என்று தட்டினாலே அந்த மென்பொருள் வேறு குடும்பத்துப் பெண் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

யாருக்குக் கட்டிக் கொடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரிப்போர்ட் வந்தது. கட்டி இருந்த இடத்தில் முட்டி வளரும் ரகம். ரத்தத்தில் ஒரு பிறவிக் குறை. செல்லில் ஏற்படும் உடைசலை ஒட்டுகிற மரபணு ஒன்று பழுது. பழுதுள்ளவர்களுக்குக் கணையத்தில் மட்டுமல்ல, மார்பிலும் சினைப்பையிலும் புற்று வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதே பழுதினால் சில மருந்துகளுக்கு அந்தக் கட்டி சீக்கிரம் மடியும். திட்டம் எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. நாலு மாதம் அந்த மருந்து, கட்டி அடங்கிய பிறகு ஐந்தே ஐந்து முறை குறி வைத்துக் கனமான கதிர்வீச்சு.

மருந்து கேட்டது. கட்டி சுருங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கூட்டம் ஒன்றில் தேசிங்குவின் கதையைப் படம் போட்டுக் காட்டினேன். அந்தக் குடும்ப வரைபடமும் திரையில் இருந்தது. கைதட்டினார்கள். அத்தனை பெரிய டாக்டர்களில் ஒருவர்கூட அந்த இரண்டு வட்டங்களைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் அப்போதிருந்த மிதப்பில் ஏதாவது சமாளித்திருப்பேன்.

ரத்த சொந்தங்களுக்கு எச்சரிக்கை சொல்வது எங்கள் கடமை. தேசிங்கு மருந்து ஏறிய களைப்பில் வார்டில் படுத்திருந்தார். அவரிடம் சொல்ல வேண்டியதை நடையில் நிறுத்தி வைத்து கோமளாவிடம் சொன்னேன். அது இரண்டாவது தப்பு.

"ரத்த சொந்தம்னா யாரு யாரு டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"அவரோட அக்கா. அக்கா பொண்ணு. உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும். நீ பயப்படாதே, நீ கட்டிக்கிட்டு வந்தவ, உனக்கு இது கிடையாது" என்று தோளில் தட்டிக் கொடுத்தேன். 'தேசிங்கு அவர்களின் அக்கா மகளுக்கு' என்று ஆரம்பித்து, ரத்தப் பரிசோதனைக்கு வரவும், மார்பைப் பரிசோதித்துக்கொள்ளவும் சொல்லி ஒரு கடிதம் தயாராக இருந்தது. "இதை அந்தப் பொண்ணுகிட்ட சேர்த்துடும்மா" என்று அவள் கையிலேயே கொடுத்தேன்.

"சேத்துடறேன்" என்றாள். நாலாக மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து மறக்காமல் கேட்டேன். "சேர்ந்துச்சா?"

"சேந்துச்சு. பட்சிட்டாங்க. அப்பால வருவாங்க."

கதிர்வீச்சு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் இதைக் கரண்ட் வைக்கிறது என்பார்கள். கணையத்துக்கு வைக்கும்போது நோயாளி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு அசைந்தால் கட்டியும் அசையும், ஒட்டிக்கொண்டிருக்கும் குடல் வெந்து போகும். மற்றவர்கள் இருபது நொடியில் திணறுவார்கள். தேசிங்கு இளவயதில் படகுக்கு அடியில் விசிறியில் சிக்கிய வலையை முழுகி முழுகி அறுத்தவர். மெஷின் நின்ற பிறகும் மூச்சை விடாமல் படுத்திருந்து டெக்னீஷியன் பெண்ணைப் பதற வைத்தார். "இன்னாம்மா, அதுக்குள்ள முட்ச்சிட்டியா" என்று கேட்டாராம்.

திங்கள், புதன் முடிந்து, வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. உள்ளே படுப்பதற்கு முன் தேசிங்கு உற்சாகமாக இருந்தார். "எங்க அக்கா வந்துகீது டாக்டரம்மா. எறா தொக்கு எட்தாந்துகீது. இது முட்ச்சிட்டு ஒரு வாய் துன்னணும்."

சொல்லியனுப்பியும் ரத்தப் பரிசோதனைக்கு வராமல் மழுப்பிக்கொண்டிருந்த அக்கா அகப்பட்டாள் என்று நான் நேராக வெளியே போனேன். கோமளாவின் பக்கத்தில் அறுபது தாண்டிய ஒரு அம்மாள் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

"இவங்கதான் அவரோட அக்காவா கோமளா?"

அந்த அம்மாளே சொன்னாள். "நான் இவளப் பெத்தவ. உள்ள கீறானே, அவனுக்கு அக்கா."

அக்கா மகளும் மனைவியும் ஒருத்திதான் என்று மண்டையில் உறைத்தது. அக்கா மகளைக் கட்டுவது நம் ஊரில் என்ன அதிசயமா? என் அப்பா அம்மாவே அத்தை மகன், மாமன் மகள். ராயபுரத்தில் எங்கள் மளிகைக் கடைக்கு வந்துபோன உறவுக்காரர்களில் பாதிப் பேரை இரண்டு முறை சொல்லிக் கூப்பிடலாம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் வேறு ஏதோ தேசத்துக்காரி ஆகிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கோமளாவை என் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"கடிதம் யாருக்குன்னு உனக்குத் தெரியும். ஏன் சொல்லல?"

"சேத்தேனே. பட்சிட்டாங்கன்னும் சொன்னேனே."

"விளையாடாதே. இது உசுரு."

அவள் கண் கலங்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீதான் சொன்ன, கட்டிகினு வந்தவ, உனுக்கு கெடியாதுன்னு. உன் வாயால கெடியாதுன்னு கேக்க சொகமா கீது. அப்டியே இருக்கட்டும்னு உட்டுட்டேன். ரெண்டு பேரும் படுத்துட்டா இவர யாரு இட்டுகினு வர்றது?"

அப்போதுதான் கவனித்தேன். இடது கையை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலக்கியே வைத்திருந்தாள். எத்தனை நாளாக அப்படி வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆறு மாதம் என் முன்னால் உட்கார்ந்திருந்தவள்.

"கோமளா, ரவிக்கையை அவிழும்மா."

இடது மார்பில் பெரிய நெல்லிக்காய் அளவில் கட்டி. மூன்று மாதமாக இருக்கிறதாம். முதலில் புளியங்கொட்டை மாதிரி இருந்ததாம். அதாவது நான் கடிதத்தைக் கொடுத்து அனுப்பிய வாரத்தில் புளியங்கொட்டை. அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது புளியங்கொட்டையிலேயே அகப்பட்டிருக்கும்.

உடனே சோதனைக்கு அனுப்பக் கையெழுத்துப் போடப் போனேன். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இவருக்குத் தெரிஞ்சா மெஷின்லர்ந்து எறங்கிப் பூடுவாரு டாக்டரம்மா. அப்பாலிக்கா நீ தல கீழ நின்னாலும் வர மாட்டாரு. இன்னும் ரெண்டு வாட்டிதான? முடியட்டும். அதுக்கப்புறம் என்னை இன்னா வோணா பண்ணிக்க."

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவள் சொன்னது பிடிவாதம் மட்டும் இல்லை. மனசு கலங்கிய மனிதனால் மூச்சைப் பிடிக்க முடியாது. மீதி இரண்டு முறையை விட்டுவிட்டால் போன மூன்றும் வீண். அதே சமயம் இவள் கட்டியைக் கண்டும் காணாமல் இருக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. கணவனிடம் எப்போது சொல்வது என்பது அவள் விஷயம். சோதனையைத் தள்ளிப்போடுவது என் விஷயம், அதற்கு நான் சம்மதிக்க முடியாது.

"சரி. புதன்கிழமை வரைக்கும் நான் அவர்கிட்ட மூச்சு விட மாட்டேன். ஆனா ஊசி போட்டுச் சதை எடுக்கிறது இன்னிக்கே, இப்பவே. அதுக்கு நீ ஒத்துக்கணும்."

"மீன் விக்கிறவகிட்டயே பேரமா?" என்றாள்.

"ஆமா. குறைக்க மாட்டேன்."

ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "அம்மா இவரப் பாத்துக்கும். வா, எங்க போவணும்?"

நம் கட்டடத்திலேயே இரண்டாவது மாடியில் எடுத்தோம். தேசிங்கு இறால் தொக்கைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். "எங்க பூட்ட?" என்று கேட்டதற்கு, "சீட்டு வாங்கப் போனேன்" என்றாள். எனக்கு அந்த வாரக் கடைசி எப்படிக் கழிந்தது என்று கேட்காதீர்கள்.

புதன்கிழமை ஐந்தாவது முறையும் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் கோமளாவின் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்துவிட்டது. புற்றுதான். மூவரையும் அறையில் உட்கார வைத்தேன். கோமளாவே சொல்லட்டும் என்று பார்த்தேன், அவளால் முடியவில்லை. நான் சொன்னேன். என் தப்பையும் சேர்த்தே சொன்னேன்.

தேசிங்கு கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"அக்கா பொண்ண எங்க குட்த்தீங்கன்னு நீ கேக்கவே இல்லியே டாக்டரம்மா. கேட்டிருந்தா, தோ, பக்கத்துல குந்திகினு கீதுன்னு சொல்லியிருப்பேனே."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர, பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்.

அஞ்சலை அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இது எங்க அம்மாகிட்டர்ந்து வந்து, என் வழியா இவளுக்குப் போச்சா?" என்று கேட்டாள்.

"உங்க ரத்தத்தைப் பார்த்தாத்தான் உறுதியாத் தெரியும்மா. ஆனா அப்படித்தான் இருக்கணும்."

"வெளிய குட்த்தா யாரு எப்டி வச்சிப்பாங்களோன்னுதான் தம்பிக்குக் குட்த்தேன். எங்கண்ணு முன்னாடி ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்னு குட்த்தேன்." விசும்பினாள்.

"கேளுங்கம்மா. நீங்க யாருக்குக் கொடுத்திருந்தாலும் கோமளாவுக்கு இது வந்திருக்கும், அது பிறக்கும்போதே வந்தது. எங்கேயோ கொடுத்திருந்தா இன்னிக்கு அவ எந்த ஊர்ல, யாருகிட்டயும் காட்டாம, கட்டியை மறைச்சுக்கிட்டு இருப்பாளோ. தம்பிக்குக் கொடுத்ததாலதான் இந்த ஆஸ்பத்திரியில வந்து உட்கார்ந்தா. வெள்ளிக்கிழமை நீங்க தொக்கு எடுத்துக்கிட்டு வந்ததாலதான் எனக்குக் கண்ணு தெரிஞ்சுது."

ஆறுதலுக்காகச் சொன்னதல்ல அது, நடந்ததே அதுதான். அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "எவ்ளோ ரத்தம் வோணுமோ எட்த்துக்க."

அந்த வரைபடத்தைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். அக்கா மகள் வட்டத்தையும் மனைவி வட்டத்தையும் ஒன்றாக்க அந்த மென்பொருளில் எனக்கு வழி தெரியவில்லை. கடைசியில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோமளா சொல்லச் சொல்லக் கையால் வரைந்தேன். அவள் கடற்கரை முழுக்க உறவைச் சொல்லிக்கொண்டே போனாள். முகத்துவாரக்குப்பத்தில் அம்மாவின் அம்மாவுக்குத் தங்கை பேத்திகள் இரண்டு பேர், மீஞ்சூரில் அந்தப் பாட்டியின் அக்கா மகள். அவர்களை எல்லாம் அவளே மிரட்டிக் கூட்டி வந்து ரத்தம் கொடுக்க வைத்தாள். இரண்டு பேருக்குப் பழுது இருந்தது, நோய் இன்னும் வரவில்லை. அவள் பிள்ளைகளில் மகளுக்கு இருந்தது, மகனுக்கு இல்லை. சொந்தத்தில் கட்டாதே என்று நான் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. கட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

கோமளாவுக்கு எந்த மருந்து, எவ்வளவு அறுவை, கதிர்வீச்சு வேண்டுமா வேண்டாமா என்பதை எல்லாம் அதே பழுதை வைத்துத்தான் முடிவு செய்தோம். அவளுக்கு மருந்து ஏறும் நாட்களில் தேசிங்கு துணைக்கு வந்து உட்கார்வார். எலும்பும் தோலுமான மனிதர், அவள் செருப்பைக் கட்டிலுக்கடியில் ஒழுங்காக எடுத்து வைப்பார். வருஷத்துக்கொரு மீன்பிடித் தடைக்காலம் என்று இரண்டைத் தாண்டி உயிரோடு இருந்தார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம், கோமளாவுக்கு அது போதவில்லை. அவர் போனபோது கோமளாவின் தலையில் முடி திரும்ப வளர்ந்திருந்தது.

இன்றைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறாள். நன்றாக இருக்கிறாள், குரலை இப்போது அடக்குவதே இல்லை. நான் ஓய்வு பெற்ற வாரம் என் அறைக்கு வந்து சுருக்குப் பையைத் திறந்தாள். நாலாக மடித்த அந்தக் கடிதம், மடிப்பெல்லாம் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"இத்த திருத்திக் குடு" என்றாள்.

"இப்ப எதுக்கும்மா? எல்லாம் முடிஞ்சுதே."

"அக்கா மகளுக்குன்னு போட்டுகீற. எனக்கு ஒரு பேரு கீதுல்ல."

புதுத் தாள் எடுத்தேன். 'கோமளாவுக்கு' என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுத வேண்டிய வரி எனக்கு ஆறு மாதம் தாமதமாகத் தெரிந்த வரி. எழுத்துக் கூட்டிப் படிப்பவள், நான் முடிக்கும் வரை மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே நின்றாள்.

'நோயாளி நீதான், வந்து உட்காரு.'